பதினோரு பேர் ஏறும் நிறுத்தம்

மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் இருபத்து நான்கு வருடமாக வேலை பார்க்கும் அவளுக்குக் 'கறார் அக்கா' என்று பெயர் வைத்தது யார் என்பது இன்று யாருக்கும் ஞாபகமில்லை. வைத்தவர் தப்பாக வைக்கவில்லை. அறுவை சிகிச்சை அறையிலிருந்து வரும் பச்சைத் துணிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, கட்டுக்கு ஒன்றாக இடுப்பில் தொங்கும் நாடாவில் முடிச்சுப் போடுவாள். சாயங்காலம் முடிச்சும் துணியும் ஒத்துப்போகாவிட்டால் பெரிய டாக்டரே வந்து நின்றாலும் சலவை வண்டி நகராது. ஒருமுறை ஒரு துண்டு குறைகிறது என்று வண்டியை முக்கால் மணி நேரம் வாசலிலேயே நிறுத்திவிட்டாள். கடைசியில் பார்த்தால் துண்டு டிரைவரின் தோளிலேயே கிடந்தது.

"இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று அவன் கடுகடுத்தான்.

"அது ஒரு ஆளோட வயித்துக்குள்ள மாட்டியிருந்தா என்ன பண்ணியிருப்பே?" என்றாள். அதற்குப் பிறகு அவன் தோளில் துண்டு போடுவதையே விட்டுவிட்டான்.

வேலைக்கு அவள் போவது காலை ஐந்து நாற்பது பாசஞ்சரில். அவள் ஏறும் இடத்தை நிறுத்தம் என்று சொல்லவே கொஞ்சம் தாராள மனசு வேண்டும். ஒரு மேடை, இரண்டு சிமெண்டு பெஞ்சு, பாதிக் கூரை, ஒரு டிக்கெட் ஜன்னல். ரயில் வருவது ஐந்து நாற்பதுக்கு, ஜன்னல் திறப்பது ஏழு மணிக்கு. இந்த ஏற்பாட்டைச் செய்த புண்ணியவானை ஒரே ஒரு தரம் கண்ணில் காட்டினால் போதும் என்று அவள் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆறேகாலுக்குப் பெரிய ஸ்டேஷனில் இறங்கி எட்டு நிமிடம் விறுவிறுவென்று நடந்தால் ஆறரைக்கு வேலையில் நிற்கலாம். ஐந்து நிமிடம் தாமதமானால் அரை நாள் கூலி போய்விடும். ஒரே மாதத்தில் மூன்று தரம் தாமதமானால் வேலையே போய்விடும். ஒப்பந்தக் கூலிகளுக்கு அங்கே அதுதான் சட்டம்.

ஒரு திங்கட்கிழமை காலை மூடிய ஜன்னலுக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. அவள் அதைச் சத்தம் போட்டு வாசித்தாள். 'இந்த நிறுத்தத்தில் நாளொன்றுக்கு ஏறும் பயணிகள் பதினோரு பேர். ஒரு பயணிக்கு ஒரு நாளைக்கு ஆகும் பராமரிப்புச் செலவு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். ஆகவே நிறுத்தத்தை நீக்கி, அடுத்த ஸ்டேஷன் வரை இணைப்புப் பேருந்து விட உத்தேசம். ஆட்சேபம் உள்ளவர்கள் பதினான்காம் தேதி பகல் பதினொரு மணிக்கு நகர அரங்கில் நடக்கும் கூட்டத்தில் தெரிவிக்கலாம்.'

"பதினோரு பேரா?" அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என் முதுகுல இடிச்சுக்கிட்டு நிக்கிறவங்களே பதினோரு பேரு இருப்பாங்களே!"

அவள் முதுகில் இடித்துக்கொண்டிருந்த தச்சர் கொஞ்சம் பின்னால் நகர்ந்தார்.

வீட்டிலே இந்தப் பேச்சை எடுத்தால் ஆறுதலாக ஒரு வார்த்தை கிடைக்கும் என்று நினைத்தாள். கிடைக்கவில்லை. அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். ஒன்பது வருடமாக இரவு ஷிப்ட். சாயங்காலம் ஏழு மணிக்குக் கிளம்பி விடியற்காலை ஐந்து மணிக்குத் திரும்புவார். அவர் உள்ளே வர, அவள் வெளியே போக, வாசற்படியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் குடும்பம் அது. ரயில் என்றால் அவருக்கு ஓர் இளப்பம். தண்டவாளத்தின் மேல் வண்டி ஓட்டுவதற்கு ஸ்டீயரிங்கே வேண்டாம், அதில் என்ன பெரிய திறமை என்பார்.

"பதினோரு பேருக்காக ஆறு பெட்டியை நிறுத்தி மறுபடி கிளப்புறதுக்கு எவ்வளவு கரண்ட் ஆகும், தெரியுமா உனக்கு?" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"பஸ்ஸுக்கு எவ்வளவு டீசல் ஆகும்னு தெரியும்."

"அப்ப பஸ்ஸைப் பத்திப் பேசுங்க."

அவர் பேசினார். அந்த இணைப்புப் பேருந்தை ஓட்ட அவரைத்தான் போடப் போகிறார்களாம். பகல் ஷிப்டாம். காலை ஐந்து இருபதுக்கு முதல் வண்டி, பன்னிரண்டே நிமிடத்தில் அடுத்த ஸ்டேஷன், அங்கே அதே ரயிலைப் பிடித்துக்கொள்ளலாமாம்.

பகல் ஷிப்ட் என்றதும் அவள் கையிலிருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டாள். இதை மறைப்பானேன்? ஒன்பது வருடமாக அவள் ஆசைப்பட்டது அதற்குத்தான். ராத்திரி ஒரே வீட்டில் இரண்டு பேரும் இருந்து, ஒன்றாகச் சாப்பிட்டு, சண்டை போடுவதற்காவது கொஞ்சம் நேரம் கிடைக்காதா என்று ஏங்கியிருக்கிறாள். ஆனால் பன்னிரண்டு நிமிடம் என்பது அவளுக்கு இடித்தது.

"அந்த ரோட்டுலயா? ரயில்வே கேட்டைத் தாண்டியா? யாரு சொன்னா?"

"நானே ஓட்டிப் பாத்தேன்."

"எப்ப?"

"எப்பவோ. ஓட்டினேன், அவ்வளவுதான். விடேன்."

"பஸ் லேட்டாச்சுன்னா என் வேலை போயிடுங்க. அப்புறம் நீங்களும் வீட்டுல, நானும் வீட்டுல. ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கலாம்."

அவர் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மறுநாளிலிருந்து இருவருக்கும் பேச்சு நின்றது. தட்டு மட்டும் மேஜையில் 'ணங்' என்று பேசியது.

அவள் முரண்டு பிடித்தால் சும்மா பிடிக்கமாட்டாள். அடுத்த நாளே இன்னொரு நாடாவை இடுப்பில் கட்டிக்கொண்டு அரை மணி முன்னதாகவே மேடைக்கு வந்துவிட்டாள். வருகிறவர்களை எண்ணினாள். பத்துப் பேருக்கு ஒரு முடிச்சு. "அக்கா, என்னைப் பச்சைத் துணியோட சேத்துக் கட்டிடாதீங்க" என்று பள்ளிக்கூடத்து ஆயா கேலி செய்தாள். அக்கா சிரிக்கவில்லை, எண்ணிக்கை விட்டுப்போய்விடும். அந்த வாரம் முழுவதும் எண்ணினாள். பதினேழு முடிச்சு, அதற்கு மேல் நாலைந்து பேர் கூடக்குறைய. சராசரி நூற்று எழுபத்து நான்கு. ஐந்து நாற்பது வண்டிக்கு மட்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து ஐம்பதுக்கு ரயிலை விட்டு இறங்கியதும் நேராக ஜன்னலுக்குப் போனாள். ஆறு மணிக்கு அது மூடிவிடும். உள்ளே இருந்தவர் வழுக்கைத் தலையும் மூக்குக் கண்ணாடியுமாக ரொம்ப வருடமாக அங்கேயே இருக்கிற ஜன்னல்காரர்.

"நீங்கதானே பதினோரு பேருன்னு எழுதிக் கொடுத்தது?" என்று எடுத்த எடுப்பிலேயே பாய்ந்தாள்.

"நான் ஒண்ணும் எழுதிக் கொடுக்கலம்மா. இங்க விக்கிற டிக்கெட்டை மிஷினே எண்ணிக்கும். ஏழு மணிக்கு மேல வர்றவங்க பதினோரு பேரு, பதினோரு டிக்கெட். நீங்க யாராவது என்கிட்ட வாங்குறீங்களா?"

"நாங்க பெரிய ஸ்டேஷன்லயே வாங்கிடுவோம். போக வர டிக்கெட்."

"கையில இருக்கிறதை எடுங்க. எங்கேருந்து எங்கேன்னு போட்டிருக்கு?"

எடுத்தாள். பெரிய ஸ்டேஷனிலிருந்து இந்த நிறுத்தத்துக்கு, மறுபடி இங்கிருந்து பெரிய ஸ்டேஷனுக்கு.

ஜன்னல்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டார். "பாத்தீங்களா? ரெக்கார்டுப்படி நீங்க எல்லாரும் டவுன்ல குடியிருக்கிறவங்க. சாயந்திரம் இங்க விருந்துக்கு வர்றீங்க. விடிஞ்சதும் கிளம்பிப் போயிடுறீங்க."

அவளுக்கு மேடையே கொஞ்சம் ஆடியது. இந்தப் பழக்கத்தைக் கிளப்பிவிட்டதே அவள்தான்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், ஜன்னல் மூடியிருந்ததால் டிக்கெட் இல்லாமல் ஏறி, பரிசோதகரிடம் மாட்டிக்கொண்டாள். ஜன்னல் மூடியிருந்தது என்று அழுது சொல்லியும் அவர் விடவில்லை. மூன்று நாள் கூலி அபராதமாகப் போயிற்று. அன்றைக்கு வைராக்கியம் வந்துவிட்டது. மாதப் பாஸ் வாங்கலாம் என்றால், அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாத ஒப்பந்தக் கூலி எந்த நம்பிக்கையில் மொத்தமாகப் பணம் கட்டுவாள்? யோசித்துப் பார்த்து ஒரு வழி கண்டுபிடித்தாள். சாயங்காலம் பெரிய ஸ்டேஷனிலேயே போக வர டிக்கெட் வாங்குவது. முதல் பாதியில் வீட்டுக்கு வருவது, மறு பாதியில் காலையில் வேலைக்குப் போவது. ஆயாவிடம் சொன்னாள், ஆயா தச்சரிடம் சொன்னாள், ஒரு வருடத்தில் மேடை முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. எல்லோரும் அவளைக் கெட்டிக்காரி என்றார்கள். இவ்வளவு கெட்டிக்காரத்தனமும் சேர்ந்து அந்த நிறுத்தத்தையே ஏட்டிலிருந்து துடைத்துவிட்டது. வழியெல்லாம் அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டு போனாள். வீடு வந்து சேர்ந்தபோது திட்டு தீர்ந்து, பிடிவாதம் மட்டும் மிச்சமிருந்தது.

பதினான்காம் தேதி கூலியை விட்டுக்கொடுத்து லீவு போட்டாள். நகர அரங்கில் மெத்தை வைத்த நாற்காலி, குளிர்சாதனம், மேடையில் மைக். பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் வேலைக்குப் போகிறவர்கள் யார் வருவார்கள்? தச்சரும் ஆயாவும் இன்னும் நாலு பேரும்தான் வந்திருந்தார்கள். முன்வரிசை முழுக்க அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தார். அவர்களில் ஒருவர், ஒவ்வொரு நிறுத்தமும் இரண்டு நிமிடத்தை விழுங்குகிறது, மேம்பால ரயில் பாதை வந்தால் நகரம் எங்கேயோ போய்விடும் என்று பேசிக் கைதட்டல் வாங்கினார். ஆளுக்கு மூன்று நிமிடம். மணி அடித்துவிடுவார்கள்.

அவள் முறை வந்தது. மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.

"பதினோரு பேருன்னு போட்டிருக்கீங்க. அது பொய்க் கணக்கு. ஆனா பொய் சொன்னது நீங்க இல்ல. தப்பு என் மேல" என்று ஆரம்பித்து, அபராதம் கட்டியதிலிருந்து டிக்கெட்டைத் தலைகீழாக வாங்கும் வித்தை வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். பையிலிருந்து பழைய டிக்கெட்டுகளை எடுத்து, கூட்டத்தை நடத்திய தலைவர் அம்மாவின் முன்னால் பத்துப் பத்தாகக் கட்டி வைத்தாள். கூட வந்தவர்கள் ஆறு பேர்தான் என்றாலும் டிக்கெட் கொடுத்து அனுப்பியவர்கள் நூற்றைம்பது பேருக்கு மேல்.

திட்டப் பொறியாளர் மரியாதையானவர்தான். "அம்மா, உங்க ஆதங்கம் புரியுது. ஆனா வருஷத்துக்கு நாப்பது லட்சம் செலவு. பணம் எங்கேயாவது மிச்சம் பிடிச்சாத்தானே புதுப் பாதை போட முடியும்?"

"புதுப் பாதைக்கு கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆகுது சார்?"

"இருநூத்தி ஐம்பது கோடி."

"நாப்பது லட்சத்துக்கு அதுல எவ்வளவு நீளம் கிடைக்கும்? உங்ககிட்ட மிஷின் இருக்கே, போட்டுப் பாருங்க."

அவர் போட்டுப் பார்த்தார். மறுபடியும் ஒரு தரம் போட்டுப் பார்த்தார். "ஒண்ணு புள்ளி ஆறு மீட்டர்" என்றார்.

"அதாவது ஒரு ஆளு நீட்டிப் படுத்தா எவ்வளவோ, அவ்வளவு. நான் வேணா அந்த இடத்துல படுத்துக்கிறேன், என் மேல பாதை போட்டுக்குங்க. எங்க நிறுத்தத்தை விட்டுடுங்க."

சங்கத்தார் வரிசையிலேயே இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். மணி அடித்தது. அவள் நகரவில்லை. "நூத்தி எழுபத்தி நாலால வகுத்தா ஒரு ஆளுக்கு எவ்வளவு ஆகும், அதையும் சொல்லிடுங்க சார். போயிடுறேன்."

"அறுபத்து மூணு வரும்" என்றார் பொறியாளர், மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு.

தலைவர் அம்மா கையை உயர்த்தினார். "நிறுத்தத்தை எடுத்தாலும் உங்களைத் தெருவுல விடலையே. இணைப்புப் பேருந்து பன்னெண்டு நிமிஷத்துல கொண்டு போய் விடுமே. சோதனை ஓட்டம் ஓட்டின டிரைவரை வரச் சொல்லியிருந்தோம். வந்திருக்காரா?"

கடைசி வரிசையில் ஒரு காக்கிச் சட்டை எழுந்தது. அவளுடைய கணவர். பேச்சு நின்றுபோன வீட்டில் யார் எங்கே போகிறார்கள் என்பது எப்படித் தெரியும்? விடிய விடிய வண்டி ஓட்டிய கண்ணோடு அவர் மைக்கிடம் வந்தார். அவளைப் பார்க்கவே இல்லை.

"நான்தாங்க ஓட்டினேன். பன்னெண்டு நிமிஷம்தான் ஆச்சு" என்றார்.

அவள் சேலை முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இனிமேல் அந்த வீட்டில் எதைப் பேசுவது?

"ஆனா ஓட்டினது ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு. ஆபீசருங்களுக்கு அன்னைக்குத்தான் ஒழிஞ்சுது. பஸ்ஸுல ஆளே கிடையாது. எங்கேயும் நிறுத்தலை. காலைல நாலுலேருந்து ஆறு வரைக்கும் கேட்டு அடிக்கடி சாத்தியிருக்கும், கூட்ஸ் போற நேரம். கேட்டுக்கு அந்தப் பக்கம் காய்கறி லாரிங்க ரோட்டை அடைச்சு நிக்கும். வண்டியை டிப்போவுல விட விடியக்காலம் தினமும் அந்த வழியாத்தான் வர்றேன். முப்பத்தஞ்சு நிமிஷம். அதுக்குக் குறைஞ்சு ஒரு நாளும் வந்ததில்லை."

"இதை ஏன் அப்பவே சொல்லலை?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பகல் ஷிப்ட் தர்றேன்னாங்கம்மா."

தலைவர் அம்மா பக்கத்தில் இருந்தவர்களோடு குனிந்து பேசிவிட்டுச் சொன்னார். முடிவு ஆறு வாரம் தள்ளிவைக்கப்படுகிறது. அதுவரை அந்த நிறுத்தத்து ஜன்னலில் விற்கும் டிக்கெட்டைத்தான் ஆதாரமாக எடுத்துக்கொள்வார்கள். ஜன்னலைக் காலை ஐந்து மணிக்குத் திறங்கள் என்று அக்கா கேட்டதற்கு, ஆள் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் அவள் கணவரைப் பிடித்துக்கொண்டாள். நெஞ்சு நிறைந்திருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. "இதை வீட்டுலயே சொல்லித் தொலைச்சிருந்தா என்னவாம்?"

"நீதான் பேசலையே" என்றார் அவர்.

அன்று சாயங்காலமே அக்கா ஜன்னல்காரரைப் போட்டுக் குடைந்ததில் ஒரு விஷயம் வெளியே வந்தது. மறுநாள் தேதி போட்டு முதல் நாள் சாயங்காலமே டிக்கெட் கொடுக்க விதி இருந்தது. இருபது வருடமாக யாரும் கேட்காததால் அவரே அதை மறந்துவிட்டிருந்தார். அவ்வளவுதான், அடுத்த சாயங்காலமே ரயிலிலிருந்து இறங்கியவர்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வரிசை மேடையைத் தாண்டி, படியிறங்கி, சைக்கிள் நிறுத்துமிடம் வரைக்கும் போயிற்று. ஆறு மணி அடித்தது. ஜன்னல்காரர் பலகையை இழுக்கப் போனார். அக்கா முழங்கையை உள்ளே நுழைத்தாள்.

"மூடுங்க பார்ப்போம். கையையும் சேத்தே மூடுங்க."

"என் டியூட்டி முடிஞ்சுதும்மா!"

"எங்க டியூட்டி விடியற்காலம் அஞ்சு மணிக்கே ஆரம்பிச்சது. உக்காருங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். ஏழே காலுக்கு வரிசை கரைந்து கடைசி ஆள் ஜன்னலுக்கு வந்தபோது பார்த்தாள், அவள் வீட்டுக்காரர். ஷிப்டுக்குப் போகிற வழியில் நின்று ஒரு டிக்கெட் வாங்கிக் கையில் வைத்திருந்தார். முகத்தில் பெருமை.

"ஒண்ணு கூடட்டுமேன்னுதான்."

அவளுக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. "நூறு பேரு முன்னாடி நின்னு பொய்க் கணக்குன்னு சத்தம் போட்டுட்டு வந்திருக்கேன். இப்ப ஏறாத ஆளுக்கு டிக்கெட்டா? வாங்கினா ஏறணும். நாளைக்குக் காலைல ஏறுறீங்க."

"ராத்திரி பூரா வண்டி ஓட்டிட்டு வர்றவன் எங்கடி ஏறுறது?"

"நின்னுக்கிட்டே தூங்குங்க. நாங்க எல்லாரும் அப்படித்தான் போறோம்."

ஆறு வாரம் கழித்து நிறுத்தம் பிழைத்துக்கொண்டது. படிக்கிறவர் மனசை அந்தரத்தில் தொங்கவிடுவது எனக்குப் பிடிக்காது, அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வருடத்துக்கு மட்டும் என்றுதான் உத்தரவு. அதைக் கையில் வாங்கிய அன்றைக்கே ஜன்னலை ஐந்து மணிக்குத் திறக்கச் சொல்லி அக்கா அடுத்த மனுவை எழுதிவிட்டாள். கணவருடைய பகல் ஷிப்ட் போனது போனதுதான், திரும்ப வரவில்லை. ஆனால் சொல்லாமல் விட முடியாதது அவர் டிக்கெட் வாங்கியதற்கு மறுநாள் காலை நடந்தது.

ஐந்து மணிக்கு அவர் திரும்பி வந்தபோது, செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் வெளியே வந்து கதவைப் பூட்டினாள். அவர் பின்னாலேயே நடந்தார். மேடையில் கூட்டம் நெரிந்தது. ஐந்து நாற்பதுக்கு வண்டி வந்து நின்றபோது பெட்டிகள் ஏற்கெனவே நிறைந்திருந்தன. வாசற்கம்பியில் ஆட்கள் தொற்றிக்கொண்டிருந்தார்கள். தச்சர் கருவிப் பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு முட்டி மோதி உள்ளே போனார். ஆயாவை யாரோ கைகொடுத்து இழுத்தார்கள். முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனுஷன் மேடையிலேயே மலைத்துப்போய் நின்றுவிட்டார்.

"இதுலயா?" என்றார். "இத்தனை வருஷமா இதுலயா போயிட்டு வந்தே? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே."

"சொன்னா என்ன, ஸ்டீயரிங் இல்லாத வண்டிதானேம்பீங்க" என்றாள்.

அவர் கண் கலங்கியது தூக்கமில்லாததாலா வேறெதனாலாவதா என்று பார்க்க நேரமில்லை. வண்டி ஊதிவிட்டது. அவள் அவர் முதுகில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள்.

"அப்புறம் பாத்துக்கலாம். இடம் இருக்கு, ஏறுங்க!"